அமீரக ஜெர்ஸியில் நம்ம ஊர்ப் பிள்ளைகள்! - ஒரு கிரிக்கெட் அணி வளர்ந்த கதை

2022 அக்டோபர் 18. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் மைதானத்தில் டி20 உலகக் கோப்பை ஆட்டம். இலங்கை பேட்டிங் செய்துகொண்டிருந்தது. 15-வது ஓவரின் 4-வது பந்தில் பானுக ராஜபக்ச அவுட். அடுத்த பந்தில் சரித் அசலங்க அவுட். கடைசிப் பந்தில் கேப்டன் தசுன் ஷனக கிளீன் போல்டு. ஹாட்ரிக்!

பந்து வீசியவர் கார்த்திக் மெய்யப்பன். வயது 22. பிறந்தது சென்னையில். அணிந்திருந்ததோ ஐக்கிய அரபு அமீரக ஜெர்ஸி!

தாடிக்கொம்பு பக்கம் அறுவடை முடிந்த வயலில் டென்னிஸ் பந்தை வைத்து ஆடும் பையனுக்கு, மேலே போகத் தெரிந்த வழி ஒன்றுதான். முதலில் மாவட்ட லீக். பிறகு டி.என்.பி.எல். அதன் ஆட்டங்களை நத்தம் என்.பி.ஆர் கல்லூரி மைதானத்திலேயே பார்த்திருப்பான். அதன்பின் ரஞ்சி, கடைசியில் இந்திய அணி. வழியோ நீளம், வாசலோ குறுகல். நம் ஊர்களிலிருந்து பல குடும்பங்கள் பிழைக்கப் போன வளைகுடா நாட்டில் இன்னொரு வாசல் எப்படித் திறந்தது?

பந்தி போட்டவருக்கு இலை இல்லை!

அமீரகம் என்றதும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஷார்ஜாதான் நினைவுக்கு வரும். 1984-ல் முதல் ஆசியக் கோப்பை நடந்த இடம். 1998-ல் சச்சின் 'பாலைவனப் புயல்' ஆடிய இடம். ஆனால், அங்கே ஆடியவர்கள் எல்லாம் விருந்தாளிகள். பந்தி போட்டவருக்கே இலை இல்லாத நிலைமை.

1994-ல் அந்த நிலை மாறியது. நைரோபியில் நடந்த ஐ.சி.சி டிராபியை அமீரகம் வென்று, 1996 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கூடவே விமர்சனமும் வந்தது. அணியில் மண்ணின் மைந்தர் கேப்டன் சுல்தான் சர்வானி மட்டுமே. மற்றவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் கிரிக்கெட் கற்றுக்கொண்டு போனவர்கள். 'இது வாடகை அணி' என்ற முணுமுணுப்புக்குப் பிறகு தகுதி விதிகளை ஐ.சி.சி இறுக்கியது.

அந்த உலகக் கோப்பையில் ஆலன் டொனால்டின் பந்துவீச்சை, ஹெல்மெட் போடாமல் வெயில் தொப்பியோடு எதிர்கொண்டார் சர்வானி. முதல் பந்தே தலையைப் பதம் பார்த்தது! லாகூரில் நெதர்லாந்தை வென்றது மட்டுமே அந்தத் தொடரின் ஆறுதல்.

பகலில் வேலை, பிறகு பயிற்சி

அடுத்த உலகக் கோப்பை வாய்ப்புக்கு 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2015 அணியில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்கள். கேப்டன் முகமது தௌகீர் வங்கி ஊழியர். குர்ரம் கான் விமானப் பணியாளர். 2014-ல், 43 வயதில் ஒருநாள் போட்டியில் சதம் அடித்து, மிக அதிக வயதில் சதமடித்தவர் என்ற சாதனை படைத்தவர் அவர். ஆனாலும், அந்த உலகக் கோப்பையில் ஆடிய 6 ஆட்டங்களிலும் தோல்வி. முழுநேர ஒப்பந்த வீரர்கள் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகுதான் வந்தது.

வெட்டுக்குப் பின் துளிர்

2019-ல் பேரிடி. டி20 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குச் சற்று முன்பு, சூதாட்ட விவகாரத்தில் கேப்டன் முகமது நவீத் உட்பட மூன்று வீரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பின்னர் நவீதுக்கும் ஷைமான் அன்வருக்கும் 8 ஆண்டு தடை. ஷைமான், 2015 உலகக் கோப்பையில் அமீரகத்துக்காக முதல் சதம் அடித்தவர்!

காலியான இடங்களுக்கு இளசுகள் வந்தார்கள். 2019 டிசம்பரில் கார்த்திக் மெய்யப்பன் அறிமுகமானார். அதே மாதம் வந்த இன்னொருவர், சென்னையில் பிறந்த விக்கெட் கீப்பர் விருத்தியா அரவிந்த். 2020 பிப்ரவரியில் பயிற்சிப் பொறுப்பை ஏற்றவர் நம் தமிழ்நாடு அணியின் முன்னாள் நட்சத்திரம் ராபின் சிங். டிரினிடாட்டில் பிறந்து, சென்னைக்கு வந்து, இந்தியாவுக்காக ஆடியவர். ஊர்விட்டு ஊர் வந்து ஆடுவது என்னவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022-ல் ஓமனில் நடந்த தகுதிச் சுற்றின் இறுதியில் அயர்லாந்தை வென்றது அமீரகம். தொடர்நாயகன் அரவிந்த். உலகக் கோப்பையில் கார்த்திக் ஹாட்ரிக் எடுத்த ஆட்டத்தில் அணி 73 ரன்னுக்குச் சுருண்டாலும், இரண்டே நாளில் நமீபியாவை 7 ரன்னில் வீழ்த்தியது. டி20 உலகக் கோப்பையில் அமீரகத்தின் முதல் வெற்றி அது. 2023-ல் நியூசிலாந்தை துபாயில் சாய்த்தது. 2025 மே மாதம் ஷார்ஜாவில் 206 ரன் இலக்கைத் துரத்திப் பிடித்து, பங்களாதேஷிடமிருந்து தொடரையே 2-1 எனப் பறித்தது. அக்டோபரில் 2026 டி20 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

சறுக்கலும் உண்டு. 2025 ஆசியக் கோப்பையில் இந்தியாவிடம் 57 ரன்னில் ஆல் அவுட்!

பெண்கள் போட்ட கணக்கு

பெண்கள் அணியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2025 மே மாதம் பாங்காக்கில் கத்தாருக்கு எதிரான ஆட்டம். தொடக்க ஜோடியான ஈஷா ஓஜா 113, சென்னையில் பிறந்த தீர்த்தா சதீஷ் 74. 16 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 192. வானம் மிரட்டியது. டி20-யில் டிக்ளேர் செய்ய முடியாதே! எனவே, 10 பேரும் வரிசையாக உள்ளே போய் 'ரிட்டயர்டு அவுட்' ஆகித் திரும்பினார்கள். கத்தார் 29 ரன்னில் காலி.

யாருடைய அணி?

அமீரகத்தில் வாழ்பவர்களில் 10-ல் சுமார் 9 பேர் வெளிநாட்டவர். எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது. வேலை போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால், கிரிக்கெட்டின் கணக்கு வேறு. பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும், 3 ஆண்டுகள் அங்கே குடியிருந்தால் அந்த நாட்டுக்கு ஆடத் தகுதி உண்டு என்கிறது ஐ.சி.சி விதி.

அதற்காக, விசா எடுத்துப் போனால் அணியில் இடம் நிச்சயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓவர் டைம் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு வலைப்பயிற்சி எட்டாத தூரம். இந்த வாசல் பெரும்பாலும் திறப்பது, அப்பா அம்மாவோடு போய் அங்கேயே பள்ளியிலும் அகாடமியிலும் வளரும் பிள்ளைகளுக்குத்தான்.

1994-ல் வாடகை அணி என்றார்கள். இன்று இருப்பது வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் அணி. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. குடியுரிமை தராத நாடு, நெஞ்சில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையை இவர்களுக்குத் தந்திருக்கிறது. இவர்களும் அந்தப் பெயருக்கு வெற்றிகளைத் தேடித் தந்திருக்கிறார்கள்.