பிரித்த கோடு, பிரியாத பேச்சு

'வந்த' என்றால் தமிழில் வருகை, தெலுங்கில் நூறு. தமிழக எல்லையோர ஆந்திர ஊரான கார்வேட்டிநகரத்தில் இரண்டுமே பழகிய பொருள்தான்.

ஜெர்மனும் ஸ்வீடிஷும் போல, தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். இங்கே பால், அங்கே பாலு. தமிழில் ஏட்டோடு நின்றுவிட்ட 'இல்' (வீடு), 'செப்பு' (சொல்) ஆகியவை தெலுங்கில் இன்றும் அன்றாடப் பேச்சு. பதிலுக்கு, கார்வேட்டிநகரம் சமஸ்தானத்தின் சாரங்கபாணி இயற்றிய தெலுங்குப் பதங்கள் சென்னை பரதநாட்டிய மேடைகளில் வாழ்கின்றன. புத்தாண்டு மட்டும் தனித்தனி: உகாதிக்குச் சந்திரக் கணக்கு, சித்திரைக்குச் சூரியக் கணக்கு.

1960 ஏப்ரல் 1-ல், படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திராவிலேயே தங்கியது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அரசு மொழி தெலுங்கு. அடுப்படி மொழி தமிழ். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச மட்டும் வந்து எழுத வராமல் போனால், அந்தக் கோடு வீட்டுக்குள்ளும் விழுந்துவிடும்.