தூள் மருந்தும் துளி நீரும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். சென்னை அஸ்தினாபுரத்துத் தாய்மார்கள் கைக்குழந்தையோடு வந்து உட்காரும்போது மருந்தின் பெயரை யாரும் விசாரிப்பதில்லை. நர்ஸம்மாவின் கையை நம்பித்தான் பிள்ளையை நீட்டுகிறார்கள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. தமிழகமே ஆடிப்போனது. கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னது.

தட்டம்மை-ரூபெல்லா மருந்து உலர்ந்த தூளாக வருகிறது. அதைக் கரைக்கும் டைலூயன்ட் தனிக் குப்பியில் இருக்கும். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018 ஜூலையில் இரண்டு நர்சுகள் அந்த டைலூயன்டுக்குப் பதிலாகக் காலாவதியான தசைத்தளர்ச்சி மருந்தைக் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் பலி; நர்சுகளுக்கு ஐந்தாண்டுச் சிறை. அதோடு போகவில்லை. பல மாதம் ஊசி நின்றது, மக்களுக்கும் பயம் பிடித்தது. அடுத்த ஆண்டு தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறுசுகள். தவறான ஊசியைவிட, போடாத ஊசி வாங்கிய உயிர்கள் பல மடங்கு!

ஆகவே தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் வேறெந்த மருந்துக்கும் இடம் தரக் கூடாது. தூளும் டைலூயன்டும் ஒரே கம்பெனியுடையதாக, ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் லேபிளில் பேனாவால் எழுதிவிட வேண்டும். பத்தரை மணிக்குக் கரைத்தால் இரண்டரைக்கு அது குப்பை, உள்ளே பாதி மீதமிருந்தாலும். இந்த மருந்தில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் இல்லை. பி.சி.ஜி.க்கும் இதே நான்கு மணி நேரக் கெடுதான். பென்டாவேலன்ட், டி.டி. போன்றவற்றின் குப்பிகளை விதிப்படி பாதுகாத்தால் திறந்த பின்னும் 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஆனால் பென்டாவேலன்டும் டி.டி.யும் உறைந்தால் கெட்டுவிடும். சின்ன கிளினிக்குகளில் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் குப்பிகளை அடுக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும் இடம் அது. 2 முதல் 8 டிகிரி என்பது நடுத்தட்டில்தான் நிற்கும்.

ஊசி போட்டபின் அரை மணி உட்காரச் சொல்வது சம்பிரதாயம் அல்ல. கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தலைகாட்டிவிடும், அபூர்வம் என்றாலும். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில், குழந்தையின் எடைக்கோ வயதுக்கோ உரிய அளவு சுவரில் எழுதி ஒட்டியபடி இருக்கட்டும். அதைத் தேடி அலமாரியைக் குடையும் நிமிடங்களில் உயிர் போய்விடும்.

தனியார் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: ஊசிக்குப் பின் எதிர்பாராத பாதிப்பு வந்தால் மறைக்காமல் மாவட்ட சுகாதாரத் துறைக்குத் தெரிவியுங்கள். காலிக் குப்பியையும் லேபிளையும் வீசிவிடாதீர்கள். விசாரணைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.