கடை இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லையே!

மாணவர்களே, உங்கள் வட்டாரத் தையல் கடையின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பாருங்கள். எதுவும் வரவில்லையா? தேடுபொறியின் நிரல் ஒன்று இணைப்புகளைப் பின்பற்றி, பக்கம் பக்கமாகச் சென்று, அங்குள்ள எழுத்துகளைப் படித்து அட்டவணைப்படுத்துகிறது. பக்கமே இல்லாத கடையை அது எப்படி அறியும்?

இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. வரைபடச் செயலியில் அகப்பக்க இணைப்பு இல்லாத கடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்காரரைச் சந்தியுங்கள். “அங்கிள், அகப்பக்கம் வேண்டுமா?” என்று கேட்டால், “வேண்டாம் தம்பி” என்றுதான் பதில் வரும். மாறாக, ஊர்ப் பெயரோடு ‘தையல் கடை’ என்று அவர் கண்முன்னே தேடிக் காட்டுங்கள். மற்ற கடைகள் வரும். அவர் கடையின் அகப்பக்கம் வராது. பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை.

வேலை கிடைத்தால் முகவரி, நேரம், விலை ஆகியவற்றைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே இடுங்கள். நிரல் படிப்பதற்கு அதுவே எளிது.

களப்பெயரைக் கடைக்காரர் பெயரிலேயே பதியுங்கள். அதை உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பெயரில் பதிந்துவிட்டு, நாளை நீங்கள் பல்கலைக்கழகம் போய் மறந்துவிட்டால், அவர் கடை மீண்டும் காணாமல் போகும். நம்பிக் கொடுத்தவருக்கு அந்த நிலை வரலாமா?