சிரிக்க வைத்தவரின் கண்ணீர்

பிரித்தானியத் தொலைக்காட்சி நடிகை ஜீன் அலெக்ஸாந்தரின் கலை வாழ்வு

சாவீட்டிற்கு வந்தோர் அனைவரும் விடைபெற்றுச் சென்றுவிட்டனர். வீட்டில் அவள் தனியே நிற்கிறாள். மேசைமீது கடதாசியிற் சுற்றிய பொதியொன்று கிடக்கிறது. கணவன் இறந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பொதி அது. மெல்லப் பிரிக்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு! அதைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்த துயரமெல்லாம் அணை உடைந்தாற்போலப் பெருகுகிறது.

1984ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் இக்காட்சியைக் கண்டவர்கள் நெஞ்சம் கலங்கினர். அதில் ஒரு விந்தையும் உண்டு. அவர்களே இருபது ஆண்டுகளாக அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து வந்தவர்கள். அவள் பெயர் ஹில்டா ஒக்டன். அவளாக நடித்தவர் ஜீன் அலெக்ஸாந்தர். சிரிப்புக்கென்றே படைக்கப்பட்ட ஒரு பாத்திரத்திற்கு இத்தகைய கண்ணீரைத் தேடித் தந்தவர் யார்? அவர் வந்த வழி யாது?

நூல்நிலையத்திலிருந்து மேடைக்கு

ஜீன் அலெக்ஸாந்தர் 1926ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் திகதி லிவர்பூல் நகரிற் பிறந்தார். செல்வக் குடும்பமன்று. இளமையில் நூல்நிலைய உதவியாளராக வேலை பார்த்தார். ஆயினும் மனம் நாடக மேடையையே நாடிற்று. 1949இல் அந்த வேலையை உதறிவிட்டு, மக்கிள்ஸ்பீல்ட் என்னும் ஊரிலிருந்த நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். அதன்பின் ஓல்டம், ஸ்டொக்போர்ட், யோர்க் முதலிய நகரங்களின் நாடகக் குழுக்களில் ஆண்டுக்கணக்காக நடித்தார்.

அந்நாளில் இத்தகைய குழுக்கள் அடிக்கடி நாடகத்தை மாற்றும். மாலையில் ஒரு நாடகம் மேடையேறும். பகலில் அடுத்த நாடகத்திற்கு ஒத்திகை நடக்கும். இன்று இராணி, நாளை பணிப்பெண். பெயரும் புகழும் அங்கே எளிதிற் கிட்டுவதில்லை. பயிற்சி மட்டும் குறைவின்றிக் கிட்டும். அவர் நாடறிந்த நடிகையானபோது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சவர்க்கார நாடகம்"

தினசரி வாழ்க்கையைத் தொடர்ச்சியாகக் காட்டும் நாடகங்களை மேல்நாட்டார் "சவர்க்கார நாடகம்" என்பர். முன்னர் அமெரிக்க வானொலியில் இத்தகைய தொடர்களைச் சவர்க்காரக் கம்பனிகள் பணம் கொடுத்து நடத்தியமையால் வந்த பெயர் இது. பிரித்தானியாவில் இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது "கொரனேஷன் ஸ்ட்ரீட்". மஞ்செஸ்டர் நகரின் கிரனடா தொலைக்காட்சி 1960ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி இதனைத் தொடங்கியது. தொழிலாளர் வாழும் சிறு தெரு ஒன்றே இதன் களம்.

1964இல் அத்தெருவின் 13ஆம் இலக்க வீட்டிற்கு ஹில்டாவும் அவள் கணவன் ஸ்டானும் குடிவந்தனர். மதுச்சாலையிலே தரை துடைப்பது அவள் தொழில். ஊர்வம்பு பேசுவது அவள் பொழுதுபோக்கு. ஸ்டானோ உழைப்பென்றால் ஒளிந்துகொள்வான்; பியர் என்றால் ஓடிவருவான்.

தலையிற் சுருள் உருளைகள், அவற்றின்மேற் கட்டிய துணி, சுருதி சேராத பாட்டு. இதுதான் ஹில்டா. அந்த உருளைகளுக்கும் ஒரு காரணம் இருந்தது. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்கள், மாலையில் யாரேனும் வெளியே அழைத்தால் கூந்தல் அழகாயிருக்க வேண்டுமென்று பகலெல்லாம் உருளைகளோடு இருப்பார்களாம். அவர்களை நினைவிற்கொண்டே ஜீன் இக்கோலத்தை அமைத்தார். வராத அழைப்பிற்காக நாளெல்லாம் காத்திருப்பவள் ஹில்டா! பார்ப்பவர் சிரிப்பர், சிந்திப்பவருக்கு நெஞ்சம் நெகிழும்.

அவள் வீட்டுச் சுவரிற் பறக்கும் வாத்துப் பொம்மைகள் மூன்று. நடுவாத்து எப்போதும் தலைகீழாகச் சாய்ந்தே தொங்கும். சுவர் நிறைய ஒட்டிய இயற்கைக் காட்சிப் படத்தின் ஆங்கிலப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் "மியூரியல்" என்று பெருமையோடு சொல்வாள். வறுமையிலும் தன் வீடு அழகாயிருக்க வேண்டுமென்று விரும்பிய பெண்ணை ஜீன் ஒருநாளும் ஏளனம் செய்து நடிக்கவில்லை. தன்னைப் பிறர் நகைப்பதை ஹில்டா அறியாள். அவளுக்கு எல்லாம் மெய். அந்த மெய்தான் நகைச்சுவைக்கு உயிர் கொடுத்தது.

ஸ்டானாக நடித்தவர் பேர்னார்ட் யூவன்ஸ். முன்னர் கிரனடாவில் இனிய குரலில் அறிவிப்புச் செய்தவர் அவர். நோயினால் நலிவுற்று 1984 ஓகஸ்டில் அவர் காலமானார். எனவே கதையிலும் ஸ்டான் இறந்தான். தொடக்கத்திற் கூறிய மூக்குக்கண்ணாடிக் காட்சி அவ்வாறு பிறந்ததே. இருபதாண்டுக் காலம் உடன் நடித்த தோழரை இழந்தவர், அத்துயரத்தைக் கூச்சலின்றி, கையின் நடுக்கத்தாலும் முகத்தாலும் காட்டினார். 1985இல் றோயல் தொலைக்காட்சிச் சங்கம் அவருக்கு விருதளித்தது.

உச்சியில் நின்று விடைபெற்றார்

புகழ் உச்சியிலிருக்கும்போது விலகத் துணிவோர் சிலரே. 1987ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஹில்டா அத்தெருவிலிருந்து விடைபெற்றாள். அதனைக் கண்டோர் தொகை 2 கோடியே 60 இலட்சத்திற்கும் மேல்! அப்போது ஜீனுக்கு வயது 61. ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ மறுபடியும் தொடங்கினார்.

1988இல் றோய் கிளார்க் எழுதிய "லாஸ்ட் ஒவ் த சமர் வைன்" என்னும் நகைச்சுவைத் தொடரிலே பழம்பொருட் கடைக்காரி ஆன்டி வெயின்ரைட்டாகத் தோன்றினார். கடைக்குள் கால் வைத்தவன் தனக்கு வேண்டாத பொருளை வாங்காமல் வெளியேற முடியாது. ஹில்டாவிடம் சிறிதும் ஒற்றுமையில்லாத பேராசைக் கிழவி அவள். இந்தத் தொடர் 2010இல் நிறைவுறும்வரை அப்பாத்திரத்தை அவர் விடவில்லை. 1989இல் "ஸ்கான்டல்" என்னும் திரைப்படத்திலும் நடித்தார்.

ஜீன் அமைதியான இயல்பினர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் 90ஆவது பிறந்தநாள் கழிந்து மூன்றாம் நாள், 2016 அக்டோபர் 14ஆம் திகதி, உயிர்நீத்தார்.

நாடகத்திற் பற்றுள்ள மாணவர் இவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. பிறரைச் சிரிக்க வைப்பது அரிது. தாம் நடிக்கும் ஏழையை இகழாமற் சிரிக்க வைப்பது அதனினும் அரிது. இருபது ஆண்டுகள் ஹில்டாவின் மானத்தை ஜீன் காத்தார். ஆதலினாலேயே அவள் அழுதபோது ஒரு நாடே உடன் அழுதது.