ஒரு சதவீதத்தின் விலை

71.9 மில்லிமீட்டர் விட்டம், 82 மில்லிமீட்டர் வீச்சு, மூன்று சிலிண்டர். பெருக்கிப் பார்த்தால் 999 சிசி. ஃபோர்டு நிறுவனம் 2012இல் ஐரோப்பாவில் ஃபோகஸ் காரில் வைத்து விற்கத் தொடங்கிய 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சினின் அளவு இது. எடை 97 கிலோ. பிளாக்கை ஒரு ஏ4 தாளின் மேல் நிறுத்திவிடலாம் என்று ஃபோர்டே விளம்பரம் செய்தது. இங்கிலாந்தின் டன்டன் ஆய்வு மையத்தில் வடிவமைத்து, ஜெர்மனியின் கோல்ன், ருமேனியாவின் க்ரையோவா ஆலைகளில் தயாரித்தார்கள். 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து உலக அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருதை வாங்கியது. அதே எஞ்சினின் பெயரை இன்று ஐரோப்பாவில் பழைய கார் வாங்க வருகிறவர்களிடம் சொன்னால் பலர் பின்வாங்குகிறார்கள். இடையில் நடந்தது என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

முதலில் வரவுப் பக்கம். 2013 ஜூனில் ஃபோர்டின் ஈகோஸ்போர்ட் கார் இந்தியாவுக்கு வந்தது. வண்டி தயாரானது மறைமலை நகரில். அதில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். டர்போ இல்லாத 1,499 சிசி எஞ்சின் தந்தது 112 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஈகோபூஸ்ட் 999 சிசியிலேயே 125 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர் தந்தது. பெரிய எஞ்சின் தன் முழு முறுக்குவிசையை எட்ட 4,400 சுற்று வரை காத்திருக்க வேண்டும். சின்னது 1,400 சுற்றிலேயே எட்டி, 4,500 வரை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆளும் லக்கேஜும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

வரியிலும் லாபம். நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு அப்போது கலால் வரி 12 சதவீதம். 1,499 சிசிக்கு 24. வண்டி ஒன்றுதான், நீளமும் ஒன்றுதான். 500 சிசிக்கு இரட்டை வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இதே எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஜி.எஸ்.டி. வரி 18, 40 என்று ஆகியிருக்கிறது. சின்ன டர்போ எஞ்சின்கள் நம் ஊரில் பெருகியதற்கு இந்தக் கோடும் ஒரு முக்கியக் காரணம்.

சும்மா கிடைத்த பலம் இல்லை இது. முறுக்குவிசையையும் சிசியையும் வைத்து பிஸ்டன் தலையில் விழும் சராசரிப் பயனுறு அழுத்தத்தைக் கணக்கிடலாம். பெரிய எஞ்சினுக்கு 11.7 பார் வருகிறது. ஈகோபூஸ்டுக்கு 21.4. ஏறக்குறைய 1.8 மடங்கு. பேரிங், ஹெட் காஸ்கெட், பிஸ்டன் வளையம், கூலன்ட், ஆயில் எல்லாமே அந்த 1.8 மடங்கைச் சுமக்கின்றன. டர்போவின் விசிறி நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை போகும். நொடிக்கு 4,100க்கு மேல். அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். பெட்ரோல் 150 பார் அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது.

பொறியாளர்கள் இதற்கெல்லாம் நன்றாகவே தயாராகியிருந்தார்கள். பிளாக் அலுமினியம் அல்ல, வார்ப்பிரும்பு. சீக்கிரம் சூடேறும், பலமும் அதிகம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து வார்த்து அதைச் சுற்றிக் கூலன்ட் ஓடவிட்டதால், டர்போவுக்குப் போகும் புகையின் சூடு தணிந்தது. மூன்று சிலிண்டரின் இயல்பான அதிர்வை அடக்க பேலன்ஸ் தண்டு வைக்கவில்லை. ஃப்ளைவீலையும் முன்புறப் புல்லியையும் வேண்டுமென்றே எடை ஏறுக்குமாறாக அமைத்து அதிர்வைத் திசை திருப்பினார்கள். கெட்டிக்கார வேலை. விருது கொடுத்தவர்கள் ஏமாந்துவிடவில்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

அடுத்தது மைலேஜ். இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்றிதழ்ப்படி ஈகோபூஸ்ட் லிட்டருக்கு 18.88 கி.மீ., 1.5 எஞ்சின் 15.85. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு முதலாவது 794 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 946. மிச்சம் 152 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் ஆண்டுக்கு 15,200, பத்தாண்டுக்கு 1,52,000.

ஆனால் சான்றிதழ்ச் சோதனையில் காரை யாரும் விரட்டுவதில்லை. டர்போ எஞ்சின் மெதுவாகப் போகும்போது ஒரு லிட்டர் எஞ்சின். மிதித்தால் அது உறிஞ்சும் காற்று 1.8 லிட்டர் எஞ்சினுடையது. காற்று ஏறினால் பெட்ரோலும் ஏறியாக வேண்டும், ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று என்ற விகிதம் யாருக்காகவும் மாறாது. ஆகவே ஓர் அனுமானம்: 1.5 எஞ்சின் சான்றிதழில் 80 சதவீதத்தைச் சாலையில் தருகிறது, அழுத்தி ஓட்டுகிறவர் கையில் ஈகோபூஸ்ட் 70 சதவீதம்தான் தருகிறது. 12.7க்கு 13.2. மிச்சம் ஆண்டுக்கு 48 லிட்டராகச் சுருங்குகிறது. பத்தாண்டில் 48,000 ரூபாய்.

இனி செலவுப் பக்கம். அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு பொருள்தான்: ஆயிலுக்குள் ஓடும் ரப்பர் பெல்ட்.

கிராங்கிலிருந்து கேம்ஷாஃப்டை ஓட்ட வழக்கமாக இரண்டு வழி. வெளியே காய்ந்த நிலையில் ஓடும் பெல்ட், அல்லது ஆயிலுக்குள் ஓடும் சங்கிலி. ஈகோபூஸ்டில் மூன்றாவது வழியாகப் பெல்ட்டையே ஆயிலுக்குள் விட்டார்கள். ஆயில் பம்பை ஓட்ட இன்னொரு சின்னப் பெல்ட், அதுவும் ஆயிலுக்குள். உராய்வு குறைவு, சத்தம் குறைவு. எரிபொருளில் ஒரு சதவீதம் போல மிச்சம் என்பது பெல்ட் தயாரிப்பாளர்களின் கணக்கு. ஐரோப்பாவில் ஃபோர்டு இந்தப் பெல்ட்டுக்குக் கொடுத்த கெடு 2,40,000 கி.மீ. அல்லது 10 ஆண்டு, எது முந்துகிறதோ அது. சராசரி வேகம் 40 கி.மீ., சராசரி 2,000 சுற்று என்று வைத்தால் அந்தத் தூரத்துக்குள் கிராங்க் 72 கோடி முறை சுழன்றிருக்கும். சூடான ஆயிலுக்குள் ஒரு ரப்பர் இத்தனையும் தாங்க வேண்டும்.

அந்த ஒரு சதவீதம் யாருக்கு எவ்வளவு தருகிறது? நம் கணக்குக்காரருக்கு ஆண்டுக்கு 8 லிட்டர். பத்தாண்டில் 8,000 ரூபாய். மாதத்துக்கு 67 ரூபாய்.

தயாரிப்பாளரின் கணக்கு வேறு. ஃபோர்டின் ஃபியஸ்டா காரில் 100 குதிரைத்திறன் ஈகோபூஸ்டின் அதிகாரபூர்வ அளவு 100 கி.மீ.க்கு 4.3 லிட்டர்; கார்பன் டை ஆக்சைடு கி.மீ.க்கு 99 கிராம். ஒரு சதவீதம் என்றால் ஒரு கிராம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி தன் இலக்கைத் தாண்டினால், 2019 முதல் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். அதற்கு முன் முதல் மூன்று கிராமுக்குச் சலுகை விகிதம் இருந்தது. யூரோ 90 ரூபாய் என்றால் ஒரு கிராம் ஒரு காருக்கு 8,550 ரூபாய். பத்து லட்சம் கார் விற்றால் 855 கோடி. வாங்கியவர் பத்தாண்டு ஓட்டி மிச்சம் பிடிக்கும் தொகையை விடச் சற்று அதிகமாக, இலக்கின் விளிம்பில் நிற்கும் நிறுவனம் கார் விற்ற ஆண்டிலேயே காப்பாற்றிக்கொள்கிறது. பெல்ட் ஏன் ஆயிலுக்குள் போனது என்று கேட்பவர்கள் எஞ்சின் படத்தைப் பார்ப்பதைவிட இந்த அபராத அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

பெல்ட் கெடுவது எப்படி? குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி இரண்டு கி.மீ. போய் அணைத்துவிடுகிறவர்கள் வண்டியில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களில் இது அதிகம். பெட்ரோல் கலந்த ஆயில் ரப்பரை ஊறவைக்கிறது. கம்பெனி சொன்ன 5டபிள்யூ-20 ரகத்துக்குப் பதில் கடையில் இருந்ததை ஊற்றினாலும் இதே கதி. ஊறிய ரப்பர் துகளாக உதிர்ந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வடிகட்டி வலையை அடைக்கிறது. ஆயில் அழுத்தம் விழுகிறது. நொடிக்கு 4,100 முறை சுழலும் டர்போ தண்டும் 21 பார் தாங்கும் பேரிங்கும் காய்கின்றன. பெல்ட் அறுவதற்கு முன்பே எஞ்சின் போய்விடலாம் என்பதுதான் இதில் கொடுமை; காய்ந்த பெல்ட் அறுந்தால் பெல்ட்டோடும் வால்வுகளோடும் கதை முடியும்.

ஃபோர்டு மட்டும் இதில் சிக்கவில்லை. பிரான்சின் 1,199 சிசி ப்யூர்டெக் எஞ்சினுக்கும் ஆயிலில் ஊறும் பெல்ட்தான். அதன் மாற்றுக் கெடுவை 1,00,000 கி.மீ. அல்லது 6 ஆண்டாகக் குறைத்தார்கள். பிறகு அதைத் தயாரிக்கும் ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் 10 ஆண்டு, 1,75,000 கி.மீ. வரை உத்தரவாதத்தை நீட்டியது. ஃபோர்டும் 2018ஐ ஒட்டி வந்த திருத்திய எஞ்சினில் கேம்ஷாஃப்டுக்குச் சங்கிலியைக் கொண்டுவந்தது. ஆயில் பம்புக்கு மட்டும் பெல்ட்டை விடவில்லை.

அந்தச் சின்னப் பெல்ட் பக்கமிருந்துதான் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அடி விழுந்தது. 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட், மொத்தம் 1,39,730 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பம்பு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடைந்து ஆயில் அழுத்தம் போகலாம், பிரேக்கின் துணை விசையும் போகலாம் என்பது காரணம். அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்கள் மறைமலை நகரிலிருந்து கப்பலேறியவை. நம் ஊர்த் தொழிலாளர்கள் பூட்டிய வண்டியில் கோளாறு எஞ்சினுக்குள் இருந்து வந்தது.

ஆயில் கணக்கு. ஒரு தடவைக்கு 4.1 லிட்டர். 15,000 கி.மீ.க்கு ஒரு முறை என்றால் 1,50,000 கி.மீ.க்கு 41 லிட்டர். பெல்ட்டுக்குப் பயந்து 7,500க்கு ஒரு முறை மாற்றினால் 82. லிட்டர் 900 ரூபாய் என்று வைத்தால் கூடுதல் செலவு 36,900. பெல்ட் மிச்சம் பிடித்துத் தந்த 8,000 ரூபாயைப் பாதுகாக்க அதைப்போல் நாலரை மடங்கு. ஆனாலும் மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட் மாற்ற இங்கிலாந்தில் ஆயிரம் பவுண்டை ஒட்டி ஆகிறது. சம்ப்பைக் கழற்ற வேண்டும், கிராங்க் புல்லிக்குச் சாவிப் பள்ளம் கிடையாது, டைமிங் பூட்டும் கருவிகள் இல்லாமல் கை வைக்கவே கூடாது. பவுண்டு 110 ரூபாய் என்றால் 1,10,000. நம் ஊர்க் கூலி குறைவு. பாதியாக, 55,000 என்று வைக்கிறேன். மென்மையாக ஓட்டியவருக்கு 1,52,000 வரவில் ஆயிலின் கூடுதல் செலவு, பெல்ட் செலவு இரண்டையும் கழித்தால் 60,100 கையில் நிற்கும். மிதித்து ஓட்டியவருக்கு 48,000இல் கழித்தால் 43,900 கையைவிட்டுப் போகும். 1.5 எஞ்சினுக்கும் பெல்ட் உண்டு, அது வெளியே ஓடும் மலிவான பெல்ட்; அதைக் கணக்கில் சேர்த்தாலும் கூட்டல் கழித்தல் குறி மாறாது.

இந்தியாவில் ஈகோபூஸ்ட் ஈகோஸ்போர்ட்கள் இரண்டு தவணையாக விற்றன. முதல் தவணை 2013இல் தொடங்கி 2017இல் காரின் வடிவம் மாறியபோது நின்றது. 2018 மேயில் ஆறு கியரோடு 'எஸ்' ரகமாகத் திரும்பி வந்து, பி.எஸ். 6 புகை விதி வந்ததும் போனது. 2022இல் மறைமலை நகர் ஆலையே வண்டி உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஓடோமீட்டரில் 60,000 என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். கெடு 2,40,000 கி.மீ. மட்டும் அல்ல, 10 ஆண்டும்தான். 2013இல் வந்த வண்டிக்கு அது 2023லேயே முடிந்துவிட்டது, 60,000 ஓடியிருந்தாலும் சரி. கொஞ்சமாக, அதுவும் குட்டிக் குட்டிப் பயணமாக ஓடிய வண்டியின் பெல்ட்தான் பெட்ரோலில் அதிகம் ஊறியிருக்கும். பெல்ட் இரண்டும் டென்ஷனரும் மாற்றிய பில் இருக்கிறதா, ஆயில் மாற்றிய பில்களில் 5டபிள்யூ-20 என்று அச்சாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த 55,000ஐ விலையில் குறைத்த பிறகு பேச்சைத் தொடங்கலாம்.