செவிலி மரங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் அளவினதே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிற் பெய்து ஓய்ந்துவிடும். சிவகாசியிலும் சாத்தூரிலும் பட்டாசுத் தொழில் வேரூன்றுதற்குத் துணைநின்ற இவ்வறட்சியே இளங்கன்றுகட்குக் கூற்றாய் நிற்கின்றது. திறந்த வெளியில் முளைத்த செடி சித்திரை வெயிலிற் கருகும். தப்பியதை ஆடு மேயும். இத்தகைய நிலத்திற் காடு தானே மீள்வது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை கூறுவது உடை என்னும் முள்மரம். குடைவேல் எனவும் இது வழங்கும். விரித்த குடைபோற் பரந்த அதன் முடியைக் கண்டார் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். தென்தமிழ் நாட்டிற்கும் இலங்கைக்கும் உரிய இம்மரம் விறகுக்கன்றி வேறெதற்கும் உதவாதெனப் பலர் கருதுவர். ஆயின் அதன் அடியிற் குனிந்து நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலப்படும். அங்கே வேப்பங்கன்று ஒன்று தழைத்து நிற்கும். அதனை நட்டவர் யார்? காகமும் மைனாவும் குயிலும் வேப்பம்பழத்தை உண்டு, உடையின் கிளையில் அமர்ந்து, விதையைக் கீழே இடுகின்றன. மரமில்லா வெற்றுவெளியிற் பறவைக்கு அமர இடமேது? விழுந்த விதைக்கு உடை நிழல் தருகின்றது; நிலத்தின் வெம்மையைத் தணித்து ஈரத்தைக் காக்கின்றது. உதிர்ந்த சிற்றிலைகள் மட்கி உரமாகின்றன. உதிர்ந்த முட்சுள்ளிகள் ஆட்டின் வாயினின்றும் கன்றைக் காக்கின்றன. அன்றியும், வேலினத்து மரங்கள் பலவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றி மரத்திற்கும் மண்ணிற்கும் ஊட்டுகின்றன. சிவகாசியார் நன்கறிந்த வெடியுப்பினுள் உறைவதும் அந்நைட்ரசனே! ஈன்ற தாயல்லளாயினும் தலைவியை வளர்த்தெடுப்பவளை அகப்பொருள் நூலார் செவிலி என்பர். உடைக்கும் அப்பெயர் தகும்.

அயல்நாட்டினின்றும் வந்த சீமைக்கருவேல் இம்மாவட்டத்துக் கண்மாய்களையும் தரிசுகளையும் கவர்ந்துகொண்டது. அதற்கும் முள் உண்டு, நிழல் உண்டு. எனினும் அதன் அடர்ந்த புதர்க்காட்டினுள் நாட்டு மரக்கன்றுகள் அரிதாகவே தலையெடுக்கும். விறகும் கரியும் தந்து அது ஏழை மக்கட்குச் சோறிடுவதையும் மறுத்தல் ஆகாது. அதனைக் களையப் புகுவோர், எல்லாம் முள்ளே என எண்ணி, உடையையும் விடத்தலையையும் உடன் வெட்டிவிடுவதே பெருங்கேடு. அவ்வாறு வெளியாக்கிய நிலத்தில், மண்ணுட் கிடந்த சீமைக்கருவேல் விதைகளே மீண்டும் முந்தி எழும்.

நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்காவில் 2004ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர் சிலர், மேய்ச்சலால் நலிந்த நிலங்களுட் சிலவற்றில், முழுப் பரப்பிலும் நடாது திட்டுத்திட்டாக மட்டும் மரங்களை நட்டனர். பறவைகளும் வௌவால்களும் கொணர்ந்த விதைகளால் பிற மரங்களும் அங்கே எழுந்தன. அவர்கள் முயன்று அமைத்த அத்திட்டுகளை ஒப்பன, விருதுநகர்ச் சீமையின் புன்செய் வரப்புகளிலும் ஐயனார் கோயிற் காடுகளிலும் நட்டவர் இன்றியே நிற்கின்றன. வெட்டாது விடுதல் ஒன்றே அவற்றிற்கு வேண்டுவது.

ஆண்டுகள் பல செல்ல, வேம்பு உடையின் குடையை ஊடுருவி மேலெழும். உடையோ வெயிலை விரும்பும் மரம். தான் வளர்த்த வேம்பின் நிழல் தன்மேற் கவிய, அது கிளை கிளையாக உலர்ந்து போவதும் உண்டு.