ஸ்மார்ட்வாட்ச் பட்டை: ரெடிமேடா, அளவெடுத்துச் செய்வதா? பழநி மலை சொல்லும் பாடம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்தால் சுமார் 5 கிலோமீட்டர். காலை நேரத்தில் அங்கே நடப்பவர்களின் கைகளைப் பாருங்கள். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, ஸ்மார்ட்வாட்ச்சைத் தட்டிப் பார்ப்பவர் யாராவது ஒருவர் இருப்பார். "மதுரையில நல்லாத்தானே காட்டுச்சு, இங்க வந்ததும் ஹார்ட் ரேட்டே வர மாட்டேங்குது" என்பது வழக்கமான புலம்பல்.

பெரும்பாலும் வாட்ச் கெட்டுப்போயிருக்காது. அதன் அடிப்பகுதியில் எரியும் பச்சை விளக்கு, சருமத்துக்குக் கீழே ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வைத்துத்தான் இதயத்துடிப்பைக் கணக்கிடுகிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மணிக்கட்டுக்கு வரும் ரத்தம் குறையும். வெயிலில் லேசாக உப்பியிருந்த கையும் வற்றும். கீழே சரியாக இருந்த பட்டை மேலே வந்ததும் தளர்ந்துவிடும். வாட்ச் நகர்ந்து, இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் கணக்கு தப்பிப்போகும்.

ஆக, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவி ஒழுங்காக வேலை செய்வது, நாம் கடைசியாகக் கவலைப்படும் ஒரு பொருளின் கையில் இருக்கிறது. அந்தப் பட்டையை ரெடிமேடாக வாங்குவதா, ஆர்டர் கொடுத்துச் செய்வதா?

ரெடிமேடில் என்ன பிரச்சினை?

தொழிற்சாலைப் பட்டைகள் 'சராசரிக் கை'க்காகச் செய்யப்படுகின்றன. தோல் பட்டைகளில் பரவலான அளவு, கொக்கி உள்ள பக்கம் 75 மில்லிமீட்டர், ஓட்டைகள் உள்ள பக்கம் 120 மில்லிமீட்டர். ஒல்லியான கை உள்ளவர்களுக்குக் கடைசி ஓட்டையும் தளர்வாக இருக்கும். பருமனான கை என்றால் முதல் ஓட்டைக்கே இழுத்துப் பிடிக்க வேண்டும். பலருக்குச் சிக்கல் நடுவில்: ஒரு ஓட்டையில் போட்டால் இறுக்கம், அடுத்ததில் போட்டால் லூஸ். அப்புறம் என்ன, ஆணியைச் சூடாக்கி நாமே ஒரு ஓட்டை போடுவோம்!

அளவெடுத்துச் செய்பவர் உங்கள் மணிக்கட்டின் சுற்றளவை நாடாவால் அளப்பார். ஓட்டைகளை நெருக்கமாகப் போடச் சொல்லலாம். சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் போதும். தையல் பிரிந்தால் அவரிடமே கொண்டுபோய்த் தைத்துக்கொள்ளலாம். ரப்பர் பட்டை அறுந்தால் அதற்கு வழியில்லை, குப்பைதான்.

எதால் ஆனது என்று எப்படித் தெரியும்?

அளவைவிட முக்கியமான கேள்வி இது. பலர் குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூட ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றுவதில்லை. நாள் முழுக்கச் சருமத்தை ஒட்டியிருக்கும் பொருள் எதால் ஆனது என்பது முக்கியமில்லையா?

அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பிராண்டுகளின் 22 வாட்ச் பட்டைகளைச் சோதித்து, 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 15 பட்டைகளில் ஃப்ளூரின் அதிக அளவில் இருந்தது. 'ஃப்ளூரோஎலாஸ்டோமர்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட 13 பட்டைகளிலும் இருந்தது. அப்படி எதுவும் சொல்லாமல் விற்கப்பட்ட 9 பட்டைகளில் இரண்டிலும் இருந்தது. வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் இருக்கப் பயன்படும் செயற்கை ரப்பர் இது.

மொத்தம் 9 பட்டைகளில், எளிதில் சிதையாததால் 'நிரந்தர ரசாயனம்' என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்த ஓர் அமிலம் சிக்கியது. அதன் இடைநிலை அளவு நூறு கோடியில் சுமார் 800 பங்கு. ஒரு பட்டையில் மட்டும் 16,000 பங்கைத் தாண்டியது.

பயப்படும் முன் இரண்டு விஷயங்கள். இந்த ரசாயனம் இவ்வளவு உடலுக்குள் போகிறது, இன்ன நோய் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அடுத்தது, எல்லா ரப்பர் பட்டையும் ஒன்றல்ல. சாதாரண சிலிக்கான் வேறு, ஃப்ளூரோஎலாஸ்டோமர் வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், 15 டாலருக்குக் குறைவான பட்டைகளைவிட 30 டாலருக்கு மேற்பட்ட பட்டைகளில்தான் ஃப்ளூரின் அதிகமாக இருந்தது. விலை கூடுதல் என்றால் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. பெட்டியின் மேல் இருக்கும் 'பிரீமியம்' என்ற சொல், உள்ளே இருப்பது என்ன என்று சொல்வதும் இல்லை.

தோல் பட்டை என்றால் இயற்கைதானே?

ஆர்டர் கொடுத்துச் செய்யும் பட்டைகளில் பெரும்பாலானவை தோல். "தோல்னா இயற்கைப் பொருள்தானே" என்று நினைப்போம். பாதிதான் உண்மை. பச்சைத் தோல் அழுகிவிடும். அது அழுகாமல் இருக்கப் பதனிட வேண்டும். உலகில் பெரும்பகுதித் தோல், குரோமியம் உப்பு கொண்டு பதனிடப்படுகிறது. வேலை சீக்கிரம் முடியும், தோல் மென்மையாக இருக்கும்.

ஒழுங்காகச் செய்த குரோம் தோலால் பொதுவாகச் சிக்கலில்லை. பதனிடுதலில் கோளாறு நடந்தால் அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறலாம், சருமத்தில் ஒவ்வாமை வரலாம். அதனால்தான் உடலில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015-ல் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு வழி, மரப்பட்டைச் சாறு கொண்டு பதனிடுவது. இது நம் ஊர்த் தொழில். திருச்சி, திண்டுக்கல் வட்டாரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், பிரிட்டிஷ் காலத்திலேயே 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கடல் கடந்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கினால், அந்தத் தொழில் நடக்கும் திண்டுக்கல் வந்துவிடும்.

சரி, அதுக்கும் கொடைக்கானல் மலைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

மலையைத் தின்ற மரம்

ஆவாரம்பட்டை எல்லாருக்கும் போதவில்லை. அதைவிடப் பதனிடும் சத்து அதிகமுள்ள பட்டை ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரத்தில் கிடைத்தது. நீலகிரிப் பக்கம் இதைச் சீகை மரம் என்பார்கள். தோல் தொழிலுக்குப் பட்டை, விறகு, காகிதக்கூழ் என்று பல காரணங்கள் சொல்லி வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் மரங்களைப் பழநி மலை உச்சிகளில் வளர்த்தார்கள். நட்ட இடம் எது? பெரும்பாலும் புல்வெளி. மரம் இல்லாத நிலம் என்றால் வீண் நிலம் என்ற நினைப்பு அப்போது இருந்தது.

ஆனால் அந்தப் புல்வெளி வீண் நிலம் இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருப்பதுதான் இந்த மலையின் இயல்பான அமைப்பு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் அதன் வேலை.

வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் வைத்து 'பிளோஸ் ஒன்' ஆய்விதழில் 2018-ல் வந்த கட்டுரை கணக்குச் சொன்னது: பழநி மலையில் சுமார் 40 ஆண்டுகளில் 66% இயற்கைப் புல்வெளியும் 31% இயற்கைக் காடும் காணாமல் போயின. ஒரு காலத்தில் மலையில் அதிகமாக இருந்த புல்வெளி, இன்று அரிதான துண்டு நிலமாகிவிட்டது. இப்போது அந்த மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கப் பாடுபட வேண்டியிருக்கிறது.

தோல் கேட்டவர் யாரும் மலையை அழிக்க நினைக்கவில்லை. பட்டை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தபோது, ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதில் திண்டுக்கல் மாவட்டமும் இருந்தது. தாவரப் பதனீடு என்றாலும் உப்பும் கழிவுநீரும் வரத்தான் செய்யும். எனவே 'கையால் செய்தது', 'இயற்கையானது' என்ற சொற்களை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்போ எதை வாங்குவது?

அளவெடுத்துச் செய்யும் பட்டையின் உண்மையான லாபம் அழகோ, பெருமையோ இல்லை. கேள்வி கேட்க எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்பதுதான். ஆன்லைனில் வரும் பெட்டியிடம் எதையும் கேட்க முடியாது. பெல்ட், பை தைக்கும் தோல் கைவினைஞரிடம் கேட்கலாம். திண்டுக்கல்லிலும், சென்னை பெரியமேடு போன்ற தோல் வணிகம் நடக்கும் இடங்களிலும் விசாரித்தால் ஆள் கிடைப்பார். ஆர்டர் கொடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

• இது குரோம் தோலா, பட்டை போட்டுப் பதனிட்டதா? தோல் எந்த ஊர் ஆலையில் இருந்து வருகிறது என்றும் கேளுங்கள். "தெரியாது" என்பதும் ஒரு பதில்தான். அதை வைத்து முடிவெடுங்கள்.

• வாட்டில் என்றால், அது எங்கிருந்து வந்தது? அகற்றப்படும் மரத்தின் பட்டைக்கும், புதிதாக நட்டு வளர்த்த மரத்தின் பட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

• உள்பக்கம் என்ன போடுகிறீர்கள்? மேலே நல்ல தோல், சருமத்தில் படும் பக்கம் ரெக்சின் என்று இருந்தால் காசு வீண்.

• கொக்கி என்ன உலோகம்? நிக்கல் ஒவ்வாமை பலருக்கு உண்டு. 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள்.

• அகலம் சரிதானா? பல வாட்ச்களுக்கு 20 அல்லது 22 மில்லிமீட்டர் பொருந்தும். ஆப்பிள் வாட்ச்சுக்கு அதற்கே உரிய இணைப்பான் வேண்டும். வாட்ச்சைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

• பிரிந்தால் தைத்துத் தருவீர்களா? இதற்கு "ஆமாம்" என்ற பதில் வந்தால் பாதிக் காசு திரும்பிவந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தோல் பட்டைக்கு வியர்வையும் மழையும் ஆகாது. ஜிம்முக்கும், கொடைக்கானல் மழையில் மலையேற்றத்துக்கும் நெய்த நைலான் பட்டையோ, ஃப்ளூரின் கலக்காத சாதாரண சிலிக்கான் பட்டையோ போதும். தோலை அலுவலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டையாக இருந்தாலும் இரவில் கழற்றிவிட்டுச் சருமத்தைக் கொஞ்சம் காய விடுங்கள்.

உங்களிடம் இப்போது இருக்கும் பட்டை நன்றாக உழைக்கிறதா? என்னவென்று தெரிந்த பொருளா? அப்படியானால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தோல் பட்டை என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நடுவில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை கொடைக்கானல் ஏரியைச் சுற்றும்போது, பட்டையை ஒரு ஓட்டை இறுக்கினாலே ஹார்ட் ரேட் வந்துவிடலாம்.